103 படிகள் ஏறி ஒரு வணக்கம்

புனேயில் பொழுது புலரும் முன்பே ஜனநடமாட்டம் தொடங்கிவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, லாரி லாரியாகக் காய்கறி வந்து இறங்கும் மார்க்கெட் யார்டு. மற்றொன்று, அங்கிருந்து அதிக தூரமில்லாத பர்வதி குன்று. முதலாவதற்குக் காரணம் பிழைப்பு. இரண்டாவதற்கு என்ன காரணம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சர்க்கரை, முழங்கால் வலி, வீட்டில் பேரன் தூங்கவிடுவதில்லை, தேவி தரிசனம்.

சொல்லும் காரணம் எதுவானாலும் செய்யும் காரியம் ஒன்றுதான். அடிவாரத்தில் முதல் படியைக் குனிந்து தொட்டு, அந்தக் கையைக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஓட்டப் பயிற்சிக்கான காலணி அணிந்த இளைஞன் கூட, காதில் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்க, ஓடுகிற வேகத்திலேயே குனிந்து தொட்டுவிட்டுப் போகிறான். பிறகு 103 படிகள். அகலமான, தாழ்வான கற்படிகள். யானையும் பல்லக்கும் ஏறுவதற்காக இப்படிக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 அடி. ஊரே உயரத்தில் இருப்பதால் உண்மையில் ஏறவேண்டியது சில நூறு அடிக்குள்தான். ஆனாலும் பாதியில் மூச்சு வாங்குகிறது.

இந்தக் குன்றே ஒரு நன்றிக்கடன். பேஷ்வா பாலாஜி பாஜிராவின், அதாவது நானாசாகேபின், தாயார் காசிபாய்க்குக் காலில் தீராத நோய். குன்றின் மேல் இருந்த தேவி சக்தி வாய்ந்தவள் என்று கேள்விப்பட்டு வேண்டிக்கொண்டார்கள். கால் குணமாயிற்று. மகன் கோயில் கட்டினார். தேவதேவேஸ்வரர் கோயில் எழுந்தது 1749-ல். நம் ஊர் மொழியில் சொன்னால் நேர்த்திக்கடன். பழனிக்குப் போய் மொட்டை போடுவதற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். ராஜ்யம் வைத்திருப்பவர் மலை உச்சியில் கோயில் கட்டுகிறார், மற்றவர்கள் முடியைக் கொடுக்கிறார்கள்.

மேலே போனதும் தமிழர்களுக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. சிவன், பார்வதி, விஷ்ணு, விட்டல் சன்னிதிகளுக்கு நடுவே கார்த்திகேயனும் இருக்கிறார். ஆனால் வள்ளியும் இல்லை, தெய்வானையும் இல்லை. மராட்டியர்களுக்கு அவர் பிரம்மசாரி. பெண்கள் அவர் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது இங்கே பழைய நம்பிக்கை. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மட்டும் விதிவிலக்கு. அறுபடை வீடுகளில் சாவகாசமாக நின்று கும்பிட்டுப் பழகிய நம்மூர்ப் பெண்கள் இதைக் கேட்டுச் சிரிக்கத்தான் செய்வார்கள்.

நேர்த்திக்கடன் என்பது ஒருவகையில் கணக்குத் தீர்ப்பது. நீ கொடுத்தாய், நான் கட்டிவிட்டேன், இனி பாக்கியில்லை. பர்வதியின் சரித்திரம் அந்தக் கணக்கோடு நின்றுவிடவில்லை. கோயில் கட்டிப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1761 ஜனவரி 14-ல் பானிபட்டில் மராட்டியப் படை அழிந்தது. நானாசாகேபின் மூத்த மகன் விஸ்வாஸ்ராவும், சிற்றப்பா மகன் சதாசிவராவ் பாவும் திரும்பவில்லை. உடைந்துபோன நானாசாகேப் அதே வருடம் ஜூன் 23-ல் இதே குன்றின் மேல் உயிர்விட்டார். தாயின் காலுக்கு நன்றி சொல்லிய இடத்தில் மகனுக்காக அழுது செத்தார். அவருடைய நினைவிடம் மேலே இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஜன்னலைக் காட்டுகிறார்கள். 1817 நவம்பரில் கட்கிப் போரில் தம் படை ஆங்கிலேயரிடம் தோற்பதைக் கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் இந்தக் குன்றிலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டியது கிடைத்த கதை ஒன்று, கிடைக்காத கதைகள் இரண்டு. இருந்தும் ஜனங்கள் தினமும் ஏறுகிறார்கள்.

ஏன் என்று எனக்கு ஓரளவு புரியவைத்தவர் ஒரு தமிழர். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1869-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையையும் கண்டோன்மெண்டையும் நம்பித் தலைமுறை தலைமுறையாகப் புனேக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது. பூர்வீகம் வேலூர்ப் பக்கம். இப்போது மகனோடு சகாகார் நகரில், குன்றின் காலடியில் வாசம். பேச்சில் பாதி மராத்தி. உச்சியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார்:

"ஆரம்பத்துல டாக்டர் சொன்னாருன்னு ஏறினேன் தம்பி. அப்புறம் பையனுக்கு வேலை கிடைக்கணும்னு ஏறினேன். கிடைச்சுது. வீட்டுல அவளுக்கு உடம்பு சரியாகணும்னு ஏறினேன். ஆகலை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாள் காலையில பார்த்தா, கால் தானா இங்க வந்துட்டுது. இப்ப எதுவும் கேக்கறதில்லை. மூச்சு வாங்குது பாருங்க, அதுக்கு ஒரு கும்பிடு. அவ்வளவுதான், இறங்கிடுவேன்."

நன்றியுணர்ச்சியை ஆராய்ச்சிக்கூடத்துக்குள் கொண்டுபோனவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, தாங்கள் நன்றி பாராட்டக்கூடிய ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் தொல்லைகளை எழுதினார்கள். பத்து வாரம் கழித்துப் பார்த்தால், நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாகப் பேசினார்கள். உடம்பு வலிப் புகார்கள் குறைந்திருந்தன. உடற்பயிற்சி கூடச் சற்று அதிகம் செய்திருந்தார்கள். அதன்பின் நன்றி நோட்டுப் புத்தகம் என்றே ஒரு சரக்கு கடைகளுக்கு வந்துவிட்டது.

ஆனால் ஆய்வுகள் முழுவதும் ஒரே பக்கம் சாயவில்லை. சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு பார்த்தபோது, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியிருந்தது. வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அலுத்துவிட்டது என்பதே அவர்கள் தந்த விளக்கம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்தப் பயிற்சி எவ்வளவு உதவும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021-ம் வருடக் கட்டுரை, பலன் சிறியதுதான் என்றது. வைத்தியத்துக்கு மாற்றாக யாரும் இதைச் சிபாரிசு செய்ய முடியாது.

அப்படியானால் தினசரி நன்றி என்பதே வீண் வேலையா? பர்வதியில் ஏறுகிறவர்களைப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியல் எழுதுவது மூளையின் வேலை. நான்காம் நாள் ஐந்தாவது விஷயத்துக்குப் பேனாவைக் கடிக்க வேண்டியதுதான். படிக்கு அந்தச் சங்கடம் இல்லை. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லாமல் குனிந்து தொடச் சொல்கிறது, அவ்வளவே. மூச்சு வாங்கும்போது அலுப்புக்கு அவகாசமும் கிடையாது.

புனேயின் பழைய வீடுகளிலும் இதே சங்கதிதான். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்ததும், சமர்த்த ராமதாசர் பெயரில் வழங்கும் சுலோகம் ஒன்றைக் குழந்தைகள் கோரஸாகச் சொல்வது மராட்டிய வழக்கம். பல பள்ளிகளிலும் உண்டு. வாயில் கவளம் போகும்போது ஹரியின் நாமத்தை நினைப்பதைப் பற்றிய சுலோகம். சாப்பிட்டு எழும்போது "அன்னதாதா சுகீ பவ" என்பார்கள் பெரியவர்கள். சோறு போட்டவர் சுகமாக இருக்கட்டும் என்று பொருள். சமைத்தவளிடம் நேராக 'நன்றி' என்று சொல்வதற்கு மராத்தியிலும் நாக்கு கூசும், தமிழிலும் கூசும். திருக்குறளில் செய்ந்நன்றியறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிற நாம், அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் "என்னடா உடம்பு சரியில்லையா?" என்பாள். பழக்கமும் சடங்கும் அந்தக் கூச்சத்துக்குக் கொடுத்த திரை என்றே நினைக்கிறேன்.

திரைக்குள் வசதியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. நன்றி யாருக்கு என்பது மெல்ல மறைந்துவிடும். பேஷ்வாக்கள் இந்தக் குன்றின் அடிவாரத்தில், ரமணா என்ற மதில் சூழ்ந்த மைதானத்தில், வேதம் படித்த பிராமணர்களுக்குத் தட்சணை வாரி வழங்கினார்கள். மலைக்குக் கல் உடைத்தவர்களும் சுமந்தவர்களும் அந்தக் கதையில் வருவதில்லை. அவர்களைப் போன்றவர்கள் படியேறித் தேவியைக் கும்பிடவே முடியாது என்ற நிலை கோயில் கட்டி 180 வருடங்கள் கழித்தும் மாறவில்லை.

1929 அக்டோபர் 13-ல் சிவராம் ஜான்பா காம்ப்ளே, பி.என். ராஜ்போஜ் ஆகியோர் தலைமையில் தலித் தொண்டர்கள் இதே படிகளில் ஏறினார்கள். எஸ்.எம். ஜோஷி போன்ற இளைஞர்களும் கூடச் சென்றார்கள். மேலே கதவு சாத்தப்பட்டிருந்தது. கல் வீச்சு நடந்தது. ராஜ்போஜுக்குக் காயம். பர்வதி சத்தியாகிரகம் என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் 1930 ஜனவரி வரை நீடித்தும் கோயில் திறக்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்தது 1939-ல். பம்பாய் மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். தங்களுக்கு என்ன கொடுத்தது என்றே தெரியாத ஒரு சாமியிடம் போய் நன்றி சொல்லும் உரிமைக்காக அவர்கள் கல்லடி பட்டார்கள். இன்று காலை நடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகம். குன்றின் சரிவில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஜனதா வசாகத், நகரின் மிகப் பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்று. நடக்க வருகிறவர்களின் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிற பெண்கள் இங்கிருந்து இறங்குகிற நேரமும், அவர்கள் ஏறுகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கீழே இறங்கினால் ஸ்வார்கேட் அருகில்தான். 2024 செப்டம்பரிலிருந்து அதுவரை பூமிக்கடியில் மெட்ரோ ஓடுகிறது. அவசரமில்லாதவர்கள் சிவாஜி சாலையில் வடக்கே அரை மணி நடந்தால் தக்டுசேட் கணபதி. மகனைப் பிளேக்கில் பறிகொடுத்த மிட்டாய்க் கடைக்காரர் தக்டுசேட், துக்கம் ஆறுவதற்காக ஏற்படுத்திய பிள்ளையார் என்கிறார்கள். சாலையிலிருந்தே முகம் தெரியும்படி சன்னிதி. அதனால் பஸ்ஸில் இருப்பவர் கை குவிக்கிறார், ஸ்கூட்டரில் போகிறவர் ஹெல்மெட்டோடு தலையைச் சாய்க்கிறார், நடப்பவர் செருப்பைக் கழற்றி நடைபாதையிலேயே நிற்கிறார். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் வணக்கங்கள் இந்தச் சாலையைக் குறுக்கே கடக்கின்றன என்று எண்ணி மாளாது.

அத்தனை பேரின் முதுகுக்குப் பின்னால், சாலையின் எதிர்ப்புறம், பிடே வாடா இருந்தது. 1848-ல் ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய வீடு. பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும் வழியில் சாவித்ரிபாய் மீது சாணமும் கல்லும் எறிந்தார்கள். மாற்றிக் கட்டிக்கொள்ள இன்னொரு புடவை எடுத்துப் போவாராம். 1897-ல், பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தூக்கிப்போய்ச் சிகிச்சைக்குச் சேர்த்ததில் நோய் தொற்றி இறந்தார். அந்த வீடு கடைகளுக்கு மேலே சரிந்து, பலகை தொங்கி, வழக்குகளில் சிக்கிப் பல்லாண்டுகள் கிடந்தது. நினைவகம் கட்டுவதற்காக மாநகராட்சி அதை இடித்தது 2023 டிசம்பரில்.

நான் நின்ற பத்து நிமிடத்தில் ஒரு பெண், தோளில் கல்லூரிப் பையோடு, பிள்ளையாருக்குக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பி எதிர்ப்புறத்துக்கும் ஒரு கும்பிடு போட்டாள். பிறகு ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தி, மீட்டர் போடச் சொல்லிச் சண்டை பிடித்தபடி ஏறிக்கொண்டாள்.