மூச்சும் நீரும்

குழந்தை வைத்தியத்தில் நோயாளியின் வாய்மொழி கிடைப்பதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, இப்போது கொஞ்சம் சுகமா என்ற கேள்விகளுக்கெல்லாம் தாயே விடை கூறுகிறாள்; அவளும் பாதி ஊகித்தே கூறுகிறாள். குழந்தையோ அழுகிறது, அல்லது அழுவதற்கும் வலுவின்றிக் கிடக்கிறது. அக்காட்சியைக் கண்டு நிற்கும் எவர்க்கும் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு எழுதல் இயல்பு. அத்தவிப்பே குழந்தை வைத்தியத்தின் ஊற்றுக்கண். ஆயினும் அதுவே சில வேளைகளில் குழந்தைகளுக்குக் கூற்றாகவும் முடிந்துள்ளது என்பதைக் கடந்த எண்பதாண்டு ஆராய்ச்சி வரலாறு காட்டுகின்றது. விலை கூடிய புதிய மருந்துகளைத் தேடிப் போகாமலே இதனைக் காணலாம். காற்றும் நீருமே போதும்.

1940களில் ஐக்கிய அமெரிக்காவின் வசதிமிக்க வைத்தியசாலைகளிற் குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளுக்கு ஒட்சிசன் தாராளமாக வழங்கப்பட்டது. மூச்சுத் திணறும் சிசுவுக்குப் பிராணவாயுவைக் கொடுப்பதிலே தீங்கு இருக்கக்கூடும் என்று யார்தாம் எண்ணுவர்? ஆனால் 1942 இல் பொஸ்ரன் நகரத்துக் கண் வைத்தியர் ஒருவர், இத்தகைய சிசுக்களிற் சிலர் விழித்திரை பழுதுற்றுப் பார்வையிழப்பதை முதன்முதலாக விவரித்தார். பின்வந்த பத்தாண்டில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு பார்வையிழந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. ஆர்னல் பற்ஸ் என்னும் இளம் வைத்தியர் வாசிங்டன் நகரிலே சிசுக்களை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மிகுதியாகவும் மறு கூறுக்கு அளவாகவும் ஒட்சிசன் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முற்பட்டார். அளவாகப் பெற்ற சிசுக்களின் மீது இரக்கங்கொண்ட தாதியர் சிலர், இரவு வேளையில் யாரும் அறியாமல் வாயுக்குழாயைத் திறந்துவிட்டனர் எனச் சொல்லப்படுகிறது. அத்தாதியரை யாரும் குறைகூற இயலாது. அவர்தம் கை திறந்துவிட்ட வாயுவே சிசுவின் கண்ணைப் பறிக்கும் என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்?

1953-54 இல் பதினெட்டு வைத்தியசாலைகள் இணைந்து நடத்திய ஆய்வு ஒட்சிசனே காரணம் என்பதை உறுதிசெய்தது. உடனே யாவரும் ஒட்சிசனைக் குறைத்தனர். குருடு குறைந்தது, ஆனால் வேறு பல சிசுக்கள் போதிய ஒட்சிசன் இன்றி இறந்தனர். எவ்வளவு போதும் என்ற எளிய வினாவுக்கு 2010 ஆம் ஆண்டிலும் விடை தேட வேண்டியிருந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று 1,316 குறைமாதச் சிசுக்களை ஆராய்ந்து, குருதியில் ஒட்சிசன் செறிவைத் தாழ்த்தி வைத்தபோது கண்நோய் குறைந்தது, இறப்போ கூடியது எனக் கண்டது. கண்ணா உயிரா என்ற இந்தப் பேரம் முற்றாக முடிந்துவிட்டதென்று கூறுதற்கில்லை.

இனி, நீர்.

கடுங்காய்ச்சலுடன் வரும் குழந்தையின் கைகால்கள் குளிர்ந்து, நாடி தளர்ந்து, நகத்தை அழுத்திவிட்டால் மீண்டும் சிவப்பதற்கு நேரமெடுக்கும் நிலையிற் குருதியோட்டம் குன்றிவிட்டது என்பது பொருள். அதற்குச் செல்வ நாடுகளின் பாடநூல்கள் விதித்த சிகிச்சை, சில நிமிடங்களுள் நாளம் வழியாகச் சேலைனைப் பெருமளவில் விரைந்து ஏற்றுவதாகும். பல பத்தாண்டுகளாக இது ஐயத்துக்கு இடமற்ற விதியாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. ஆபிரிக்காவின் கிராமிய வைத்தியசாலைகளில் இம்முறை பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை. அது அவற்றின் ஒரு குறையாகவே கருதப்பட்டது. கெனியாவின் கிலிபியிற் பணியாற்றிய கத்ரின் மெயிற்லண்ட் என்னும் குழந்தை வைத்தியரும் அவரது குழுவினரும் இதனை ஆராய முன்வந்தபோது நீரேற்றம் உயிர்காக்கும் என்பதே எதிர்பார்ப்பாக இருந்தது.

கெனியா, உகண்டா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளின் ஆறு வைத்தியசாலைகளில் இவ்வாய்வு நடந்தது. வயிற்றோட்டத்தால் நீரிழந்த குழந்தைகளும் கடும் போசாக்கின்மையுற்ற குழந்தைகளும் இதிற் சேர்க்கப்படவில்லை. ஏனையோர் எழுமாற்றாக மூன்று கூறாக்கப்பட்டனர். ஒரு கூறினர்க்கு அல்புமின் கரைசல் விரைந்து ஏற்றப்பட்டது. மறு கூறினர்க்குச் சேலைன். மூன்றாங் கூறினர்க்கு விரைநீரேற்றம் இல்லை, வழமையான மெதுவான நீர் மட்டுமே. 3,600 குழந்தைகளைச் சேர்ப்பதாகத் திட்டம். 3,141 பேர் சேர்ந்த நிலையில், 2011 சனவரியில், கண்காணிப்புக் குழு ஆய்வை நிறுத்தச் சொன்னது. முதல் 48 மணித்தியாலத்தில் அல்புமின் பெற்றோருள் 10.6 சதவீதமும் சேலைன் பெற்றோருள் 10.5 சதவீதமும் இறந்திருந்தனர். ஏதும் விரைந்து ஏற்றப்படாதோருள் இறந்தவர்கள் 7.3 சதவீதத்தினரே. நூறு குழந்தைகளுக்கு மூவர் வீதம், சிகிச்சையினாலேயே மேலதிகமாக இறந்தனர்.

இம்முடிவிலே இன்னுமொரு செய்தி அடங்கியுள்ளது. எண்களைக் காட்டிலும் அது அச்சம் தருவது. நீரேற்றப்பட்ட குழந்தைகள் முதல் ஒரு மணித்தியாலத்தில் ஏனையோரைவிடத் தேறியே காணப்பட்டனர். கை சூடேறியது; நாடி திரும்பியது. கட்டிலருகே நின்ற வைத்தியர் தம் கண்முன்னே பயன் விளைவதைக் கண்டார். சாவு பின்னரே, பெரும்பாலும் குருதியோட்டம் திடீரெனச் சரிந்து வந்தது. அனுபவமே ஆசான் என்ற நம்பிக்கை வைத்தியத்துறையிலே ஆழ வேரூன்றியது. எத்தனை ஆண்டு அனுபவம் பெற்ற வைத்தியராயினும் ஒரு விடுதியில் நின்று நூற்றுக்கு மூன்று என்ற வேறுபாட்டைக் கண்ணாற் காண முடியாது. ஒரு வாரத்தில் அவர் கைக்கு வரும் இத்தகைய குழந்தைகள் நாலைந்து பேர். அவர்களிலே தேறியவரை நினைவு பற்றிக்கொள்கிறது. இறந்தவரின் சாவு நோயின் கணக்கில் எழுதப்படுகிறது.

முடிவு வெளியானதும் எதிர்ப்பும் எழுந்தது. அது மலேரியாவின் விளைவு என்றனர் சிலர். குருதிச்சோகை என்றனர் வேறு சிலர். மலேரியா உள்ளோரிடையேயும் அற்றோரிடையேயும், சோகை உள்ளோரிடையேயும் அற்றோரிடையேயும் போக்கு ஒன்றாகவே இருந்தமையால் இவ்விளக்கங்கள் நிலைக்கவில்லை. அவ்வைத்தியசாலைகளிற் செயற்கைச் சுவாசப் பொறிகள் இருக்கவில்லை என்ற ஆட்சேபம் மட்டும் கனமானது. பொறியும் நிபுணரும் அருகிருக்கும் இடத்தில் இதே நீர் இதே தீங்கைச் செய்யுமா என்பது வேறு வினா. உலகின் பெரும்பாலான குழந்தைகள் நோயுறுவது பொறியற்ற இடங்களிலேதான் என்பதையும் இங்கே மறத்தலாகாது. உலக சுகாதார நிறுவனம் தன் அறிவுறுத்தலை 2016 இலேயே திருத்தியது. ஐந்தாண்டு! ஒரு விதியை எழுதுவதற்குத் தேவைப்படாத துணிவு அதனை அழிப்பதற்குத் தேவைப்படுகிறது போலும்.

இலங்கையில் டெங்குக் காய்ச்சலிற் பிள்ளையை இழக்கும் அச்சத்தோடு விடுதியில் இருந்த பெற்றோர், தாதியர் மணிக்கு மணி நீரையும் சிறுநீரையும் அளந்து குறிப்பதைக் கண்டிருப்பர். குருதிநாளத்திலிருந்து திரவம் கசியும் அந்த ஒன்றிரண்டு நாளில் நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. 'இன்னும் கொஞ்சம் சேலைன் ஏத்துங்கோவன்' என்று கெஞ்சும் தந்தைக்கு மறுப்புச் சொல்வது எளிதன்று.

ஆபிரிக்க ஆய்வு எழுப்பிய அறவினா ஒன்றுண்டு. சாகக் கிடக்கும் பிள்ளையைக் கையிலேந்தி ஓடிவந்த தாயிடம், 'இதுவோர் ஆய்வு, எந்தக் கூறிற் சேர்ப்பதென்பதைச் சீட்டுப்போல் எழுமாற்றாகவே தீர்மானிப்போம், சம்மதமா?' என்று கேட்பது எங்ஙனம்? அங்கே சுருக்கமாக வாய்மொழி இசைவு பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கி, தாய் சற்று ஆறியபின் முழு விளக்கமும் கூறி எழுத்திற் சம்மதம் பெறும் முறைக்கு ஒழுக்கநெறிக் குழுக்கள் இடமளித்தன. இதனை ஏமாற்று என்று தள்ளிவிடுவோரும் உளர். ஏழை நாட்டுப் பிள்ளைகள் பரிசோதனைப் பொருளாகின்றனர் என்ற குற்றச்சாட்டு வரலாற்று ஆதாரம் அற்றதுமன்று. எனினும் மறுபுறத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வாய்வு நடவாதிருப்பின் எல்லாக் குழந்தைகளுக்கும் நீர் ஏற்றப்பட்டிருக்கும். அதற்கு எந்தத் தாயிடமும் எவரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். பாடநூலில் உள்ளதைச் செய்வதற்கு அனுமதி வேண்டியதில்லை. பாடநூல் சரியா என்று பார்ப்பதற்கே வேண்டும். இம்முரணைத் தத்துவம் கற்போரும் சட்டம் கற்போரும் வைத்தியர்களிடம் மட்டுமே விட்டுவிடுதல் முறையன்று. எழுத்துச் சம்மதம் பெறுமுன் பிள்ளை இறந்துவிட்டால் அத்தாயிடம் திரும்பிச் சென்று எதைக் கேட்பது? இதற்குத் திருப்தியான விடை இல்லை.

வறிய நாடொன்றிலேயே தோன்றிய சிகிச்சையொன்றும் உண்டு. 1996 இல், பங்களாதேசத்தின் சில்ஹெட் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையிற் பயிற்சி வைத்தியராக முகம்மட் ஜொபாயர் சிஸ்தி கடமையேற்ற முதல் இரவிலேயே மூன்று குழந்தைகள் நியுமோனியாவால் அவர் கண்முன் இறந்தனர். பின்னர் மெல்பேண் நகரிற் பணிபுரிந்தபோது, குமிழி விடும் நீரின் உதவியால் நுரையீரலை விரிந்தே வைத்திருக்கும் சாதனமொன்றைக் கண்டார். அதன் விலை ஆயிரக்கணக்கான டொலர். டாக்கா திரும்பியவர் வெற்று ஷாம்பு போத்தலொன்றைக் கொண்டு அதனையே அமைத்தார்.

அதன் தத்துவம் எளியது. நியுமோனியாவிற் சளியும் அழற்சியும் அடைத்த சிற்றறைகள் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை மீண்டும் பிரித்துத் திறப்பதிலேயே குழந்தை களைத்துப்போகிறது. மூச்சு வெளியேறும் குழாயின் நுனியை நீருள் அமிழ்த்திவிட்டால், நீரின் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தம் எதிர்நின்று சிற்றறைகளை முற்றாக மூடவிடாது தடுக்கும். ஐந்து சென்ரிமீற்றர் அமிழ்த்தினால் ஐந்து சென்ரிமீற்றர் நீரழுத்தம். அளவிட வேறு கருவி வேண்டியதில்லை. குமிழி வந்துகொண்டிருந்தால் அழுத்தம் உண்டு. நின்றுவிட்டால் எங்கோ குழாய் கழன்றிருக்கிறது.

2011 முதல் 2013 வரை டாக்காவில் 225 குழந்தைகளிடையே நடந்த ஆய்வு 2015 இல் வெளியாயிற்று. போத்தற் குமிழி முறையைப் பெற்ற 79 பேருள் மூவர் இறந்தனர். வழமையான குறைந்த வேக ஒட்சிசன் பெற்ற 67 பேருள் பத்துப் பேர் இறந்தனர். செய்தியாளர்கள் ஷாம்பு போத்தலைக் கொண்டாடினர். கொண்டாடத் தக்கதே.

ஆனால் மலாவியின் சலிமா மாவட்ட வைத்தியசாலையில் 2015 முதல் 2018 வரை 644 குழந்தைகளிடையே நடந்த குமிழி அழுத்த ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்தது. அங்கே போத்தல் அன்று, அதற்கென உற்பத்தியான சாதனமே பயன்பட்டது. அம்முறையைப் பெற்றோருள் 17 சதவீதத்தினர் இறந்தனர். சாதாரண ஒட்சிசன் பெற்றோருள் 11 சதவீதத்தினர். சேர்க்கப்பட்ட பலர் எச்.ஐ.வி. தொற்றுக்கோ போசாக்கின்மைக்கோ உட்பட்ட குழந்தைகள் என்பது ஒரு வேறுபாடு. மற்றையது, அவ்விடுதியில் நாள்தோறும் வந்து பார்க்க வைத்தியர் இல்லை என்பது. டாக்காவிலே ஆராய்ச்சி நிலையமொன்றின் தேர்ந்த வைத்தியர்களும் தாதியரும் கட்டிலருகே இருந்தனர். அவர்களைப் போத்தலோடு சேர்த்துப் பொதி செய்து அனுப்ப இயலாது. மலிவான சாதனத்தின் செய்தி பரவிய வேகத்தில் இச்செய்தி பரவவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சிஸ்தியின் குழுவினர் அதன்பின் எத்தியோப்பியாவுக்குச் சென்றனர். 2021 இலும் 2022 இலும் அந்நாட்டின் பன்னிரண்டு வைத்தியசாலைகளில் இம்முறை சோதிக்கப்பட்டபோது, நிபுணர் அல்லாத பொது வைத்தியர்கள் நாள்தோறும் குழந்தைகளைப் பார்வையிட்டனர்; தாதியர் பயிற்சி பெற்றிருந்தனர். இறப்புக் குறைந்தது. வைத்தியர் நாள்தோறும் வரமுடியாத விடுதியில், சலிமாவில் இருந்தது போன்ற விடுதியில், மூச்சுத் திணறும் குழந்தைக்கு எது செய்வது என்ற வினா இன்னும் அவ்விடுதியிலேயே நிற்கிறது.