சுனார்க் கோட்டையில் ஒரு பகல்

பிறந்த மண்ணை விட்டு வடக்கே வந்து வாழும் நம்மவர் பலரது நெஞ்சிலும் ஊரில் ஒரு வீடு இருக்கிறது. எனக்கும் இருந்தது: திருவிடைமருதூருக்கு அருகே, திண்ணையும் கொல்லைக் கிணறும் உள்ள ஓட்டு வீடு. அதை விற்றுவிடலாம் என்றார் அண்ணா. கூடாது என்றேன் நான். ஓராண்டுக் காலம் கடிதங்களிலேயே வழக்காடினோம். பின்னர் அம்மாவின் அஸ்தியைக் கரைக்க அண்ணா காசிக்கு வந்தார். கரைத்த மறுநாள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வீட்டில் உட்கார்ந்திருக்க இயலாமல், சுனாருக்குப் போய்வரலாம் என்று அழைத்தேன்.

காசியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விந்தியத்தின் ஒரு கிளை கங்கையின் தென்கரைவரை வந்து, நீரில் காலை நீட்டினாற்போல் முடிகிறது. அந்தப் பாறையின்மேல் கோட்டை. அதன் அடியை உரசிக்கொண்டு திரும்பும் கங்கை, காசியை நோக்கிச் செல்கிறது. சரணாத்ரி, அதாவது திருவடி மலை, என்பது இதன் பழம்பெயர். மாவலியிடம் மூவடி மண் கேட்ட வாமனரின் அடி பட்ட இடம் என்று ஊரார் நம்புகிறார்கள்.

ஆற்றுவழியே வங்கத்துக்கும் பீகாருக்கும் செல்லும் படகுகள் இந்தப் பாறையின் பார்வைக்குத் தப்ப முடியாது. ஆதலால் இதற்கு ஆசைப்படாத அரசர் இல்லை. இங்கே ஆட்சி செய்த தாஜ் கானின் விதவை லாட் மாலிகாவை மணந்து, 1530 அளவில் ஷேர் ஷா கோட்டையைப் பெற்றார். 1532-இல் முற்றுகையிட்டும் கைப்பற்ற முடியாத ஹுமாயூன், 1538-இல் பீரங்கிகளைக் கொண்டு வென்றார், விரைவிலேயே இழந்தார். பின்னர் அக்பரின் படை வந்தது. 1765-இல் ஆங்கிலேயர் வந்தனர். காசி மன்னர் சேத் சிங்கைச் சிறைப்படுத்தப் போய், 1781-இல் ஊரே திரண்டெழுந்தபோது, வாரன் ஹேஸ்டிங்ஸ் உயிர் தப்பி இரவோடிரவாக ஓடிவந்து புகுந்ததும் இங்கேதான்.

இத்தனை பேர் பற்றிக்கொள்ளத் துடித்த கோட்டைக்குள், பற்றைத் துறந்த ஒருவரின் சமாதியும் இருக்கிறது. உஜ்ஜயினி அரசைத் துறந்து வந்த பர்த்ருஹரி இங்கே தவம் செய்தார் என்பது மரபு. அவரே நம் பத்திரகிரியார் என்பாரும் உண்டு. பட்டினத்தாரின் சீடராகித் திருவிடைமருதூர்க் கோயில் வாயிலில் இருந்த அவரை, ஓர் ஓடும் ஒரு நாயும் வைத்திருந்ததற்காகக் குடும்பஸ்தர் என்று குரு சொன்னாராம். அந்தக் கதையைச் சிறுவயதில் எங்களுக்குச் சொன்னவள் அம்மா.

சமாதியின் முன் அண்ணா நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகுகிறதடா. எனக்கு ஏணியில் ஏற முடியவில்லை. உனக்கு அது நினைவு. எனக்கு அது வேலை. இருந்தாலும், நீ வேண்டாமென்றால் விற்கவில்லை."

ஓராண்டாக நான் எழுதிய கடிதங்களில் ஒன்றிலாவது, அந்தக் கூரையை யார் மாற்றுவது என்று கேட்டிருக்கவில்லை. நாணத்தால் தலை குனிந்தேன்.

இறங்கும் வழியில் கோட்டைக் கல்லைத் தடவிப் பார்த்தார் அண்ணா. பழுப்பு நிற மணற்கல். இந்த வட்டாரத்துக் கல்லில்தான் அசோகரின் தூண்களைச் செதுக்கினார்கள். சாரநாத்தில் 1905-இல் கிடைத்த நான்முகச் சிங்கமும் இக்கல்லே. அதுவே 1950-இல் நாட்டின் சின்னமாயிற்று. காசிப் படித்துறைகள் பலவற்றுக்கும் கல் இங்கிருந்தே போயிற்று. "நேற்று நாம் அம்மாவோடு நின்ற படியும் இந்தக் கல்தானா?" என்று கேட்டார் அண்ணா. இருக்கலாம் என்றேன்.

அன்றிரவே பத்திரத்தில் கையெழுத்திட்டேன். இரண்டு மாதம் கழித்து, சாக்கில் கட்டிய ஒரு பொதி காசி இரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அம்மாவின் அம்மியும் குழவியும்! இப்போது அதில் என் மருமகள் துவையல் அரைக்கிறாள். அவள் காசியிலேயே பிறந்தவள், திருவிடைமருதூரைப் பார்த்ததில்லை.