புலப்படத்தில் இல்லாத பள்ளம்

நிலம் வாங்கப் போகிறவர்கள் புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, விரித்ததும் எல்லைக் கோடுகளைத்தான் பார்ப்பார்கள். அந்தப் படம் பிறந்ததே எல்லைக்கும் வரிக்கும்தான். மத்தூரை உள்ளடக்கிய பாராமகால் சீமை 1792-ல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும், தாமஸ் மன்றோ முதலான அவருடைய உதவியாளர்களும் வயல் வயலாக அளந்தார்கள். யாருடையது, எவ்வளவு, தீர்வை என்ன? பிறகு வந்த சர்வேக்காரர்களும் 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள்.

(பட்டாவில் 'ஹெக்டேர் - ஏர்' என்று இருக்கிறதே, அது உழவு ஏர் அல்ல. 1795-ல் பிரெஞ்சுக்காரர்கள் சட்டம் போட்டு வைத்த பெயர். நூறு சதுர மீட்டர். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்குப் பட்டாவில் சட்டென்று புரிகிற ஒரே சொல் அதுதான்.)

புலப்படத்தில் நீளம் உண்டு, பரப்பு உண்டு, உயரம் கிடையாது. புறம்போக்கு ஓடை என்றால் தனி சர்வே எண்ணோடு தெரியும். பட்டா நிலத்துக்குள் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் தாழ்வுக்கு அதில் இடமில்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். ஐந்து ஏக்கர் மாந்தோப்பு இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

என் அக்கா மகன் போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை பார்க்கிறான். மத்தூர் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன், "மாமா, ஒரு தடவை வந்து பாருங்க" என்றான். போனேன். மாமரங்களை வெட்டிக் கல் நட்டிருந்தார்கள். டி.டி.சி.பி. அனுமதி இருந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவிட்டதிலிருந்து அதைக் கேட்க எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டோம். மனையும் நல்ல சதுரம். ஆனால் நடக்கும்போது கால் தானாகக் கிழக்கே இறங்கியது. பக்கத்துக் கொல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஐப்பசியில வாங்க சார். கரட்டுத் தண்ணி மொத்தமும் இப்படித்தான் குட்டைக்குப் போவும்" என்றார். அந்தத் தண்ணீரின் வழியில் எட்டு மனைகள். பூங்காவோ எந்த மனைக்கும் ஆகாத மூலையில், முக்கோணமாக, பாறைமேல் இருந்தது.

அமெரிக்காவில் ராண்டல் ஆரென்ட் என்பவர் 1996-ல் வெளியிட்ட புத்தகத்தில் சொல்லும் வரிசை வேறு. முதலில் காப்பாற்ற வேண்டியதைக் குறி: ஓடை, ஈர நிலம், நல்ல மண், பெரிய மரம். அடுத்து வீடுகள் எங்கே என்று பார். பிறகு சாலை. மனைக் கோடு கடைசியில். நம்மூரில் மனைக் கோடுதான் முதலில். மிச்சம் விழுந்தது பூங்கா. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீதம் பொது ஒதுக்கீடு தானமாகத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அளவு சரியாக இருக்கிறது. இடம்தான் பெரும்பாலும் வரைகிறவர் சௌகரியம்.

ஐந்து ஏக்கர் 2,17,800 சதுர அடி. சாலைக்கு 30 சதவீதம், மீதியில் பூங்காவுக்குப் பத்து என்று வைத்தால், 1,200 சதுர அடியில் 114 மனைகள் வரும். அதே 114 மனைகளை ஆயிரம் சதுர அடியாக்கினால் 53 சென்ட் மிஞ்சும். பூங்காவின் 35 சென்ட்டையும் அதோடு சேர்த்தால் பள்ளம் பிழைக்கும், பத்து மாமரமும் பிழைக்கும். லெவல் எடுக்கப் பெரிய செலவில்லை. பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 200 புள்ளிதான்.

மனைப்பிரிவு அலுவலகத்தில் இதைச் சொன்னேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். "அரை கிரவுண்டுக்குக் குறைஞ்சா யாரும் வாங்க மாட்டாங்க ஐயா. மனை கோணலா இருந்தா வாஸ்து பார்ப்பாங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. தம்பிக்கு வேண்டுமானால் மேட்டு மனை தருவதாகவும், சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் கூட ஆகும் என்றும் சொன்னார். மேட்டுக்கு விலை கூட என்றால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

அக்கா மகன் மேட்டு மனையை எடுத்துக்கொண்டான். பள்ளத்து எட்டில் மூன்று விற்றுவிட்டதாகப் போன வாரம் போனில் சொன்னான்.