இரவு மூன்று மணிக்கு ஒரு போன்

லெஸ்டர், இங்கிலாந்து.

எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ்களுக்கு வருகிற வியாழக்கிழமை நான் 20 நிமிடம் பேச வேண்டும். "கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் பற்றி ஏதாவது சொல்லிக்கொடுங்கள்" என்று மேட்ரன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 'ஏதாவது'தான் தலைவலி. வந்திருப்பவர்களில் கேரளத்துக்காரர்கள் அதிகம், பிலிப்பைன்ஸ்காரர்கள் சிலர், நாகர்கோவில் பெண் ஒருத்தி. எல்லோரும் ஆங்கிலத் தேர்வில் தேறி, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வையும் முடித்தவர்கள். ஊரில் ஐசியூவில் வருடக்கணக்கில் வேலை பார்த்த கைகள். இவர்களை உட்காரவைத்து, கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், புன்னகை செய்யுங்கள் என்றா வகுப்பெடுப்பது?

வார்டு கம்ப்யூட்டரில் எப்போதோ யாரோ தயாரித்த ஸ்லைடுகள் கிடந்தன. திறந்ததுமே அந்த வட்டப்படம்: நாம் சொல்வது போய்ச்சேருவதில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55. பயிற்சி வகுப்பு எதிலாவது நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிடுங்கிய எண்கள் அவை. ஒருவர் ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் சொல்லும்போது, அவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து ஊகிக்கிறோம் என்றுதான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியும் எண்கள் ஊர்சுற்றுவது நிற்கவில்லை. சொல்லுக்கு ஏழே சதவீதம் என்றால், போனில் மருந்தின் அளவு சொல்லும் எங்கள் பாடு என்ன? என் பிரதியிலிருந்து அந்த ஸ்லைடை எடுத்துவிட்டேன்.

மிச்சமிருந்ததில் கேட்கும் திறன், உடல்மொழி, குழுவாக வேலை செய்தல் என்று பத்துத் தலைப்புகள். 20 நிமிடத்தில் பத்தையும் தொட்டால் ஒன்றும் ஒட்டாது. அடுத்த நைட் டியூட்டியில் அவர்கள் வேறுமாதிரி செய்யப்போகிற ஒரே ஒரு காரியம் எது என்று யோசித்தேன். கிடைத்தது இது: இரவு மூன்று மணிக்கு நோயாளியின் நிலைமை மோசமாகிறது, டாக்டருக்குப் போன் போட வேண்டும்.

எல்லோருக்கும் கொடுக்க ஒரு அட்டை எழுதியிருக்கிறேன். நோயாளிக்கு வயது 72. குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாள். மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் வைக்காமல் ரத்தத்தில் அதன் அளவு 93 சதவீதம், ரத்த அழுத்தம் மேலே 104, நாடி 112, காய்ச்சல் 38.4. நினைவு தெளிவாக இருக்கிறது. இங்கே எல்லா அளவுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் 'நியூஸ் 2' என்ற முறை உண்டு. கூட்டினால் 8. 7-ஐத் தொட்டாலே உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

இந்த அட்டையைக் கையில் கொடுத்தால் புதிதாக வந்தவர் எப்படி ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியும். "சாரி டாக்டர், டிஸ்டர்ப் பண்றேன்... பேஷன்ட் கொஞ்சம் சரியில்லாத மாதிரி இருக்கு..." அப்புறம் அட்மிஷன் ஆன நாளிலிருந்து கதை. மறுமுனையில் இருக்கும் டாக்டர் இன்னொரு வார்டில் ஊசியோடு நின்றுகொண்டிருப்பார். காய்ச்சலும் நாடியும் வருவதற்குள் அவர் காது மூடியிருக்கும்.

இதற்கென்று நான்கு படி இருக்கிறது. எஸ்பார் என்பார்கள். இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என்னவென்று நினைக்கிறேன், என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்த வழக்கம் இது; கொலராடோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைக் குழுமம் அதை நோயாளிகளுக்காக மாற்றிக்கொண்டது. இன்று பிரிட்டனில் வார்டு போனுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருப்பார்கள். முதல் மூன்று படிகளை எங்கள் பெண்கள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். நாலாவதில்தான் நாக்கு மடங்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் எழுந்து நின்றே பழகியவர்கள், "15 நிமிடத்துக்குள் வந்து பாருங்கள்" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். (இங்கே டாக்டர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே அவர்களுக்குக் கூச்சம். அறுவைச் சிகிச்சை நிபுணரை 'டாக்டர்' என்னாமல் 'மிஸ்டர்' என்பது தனிக் குழப்பம்.)

ஆங்கிலம் போதாததால் வரும் தயக்கம் என்று மேட்ரன் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதனால்தான் எலெய்ன் பிராமிலியின் கதையைச் சேர்த்திருக்கிறேன். 2005 மார்ச்சில் இதே இங்கிலாந்தில் சைனஸுக்காகச் சின்ன அறுவைக்குப் போன 37 வயதுப் பெண். மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்த முடியவில்லை. அனுபவசாலிகளான மூன்று டாக்டர்கள் விடாமல் அதையே முயன்றார்கள். கழுத்தில் துளையிடும் கருவிகளை வரவழைத்து, "தயாராக இருக்கிறது" என்று ஒரு நர்ஸ் சொன்னார். பதில் இல்லை. இன்னொருவர் ஐசியூவில் படுக்கை கேட்டார். 'இதற்கா இத்தனை பதற்றம்' என்பதுபோன்ற பார்வை வந்ததும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். 13 நாள் கழித்து எலெய்ன் இறந்தார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றார்கள் அந்த நர்ஸ்கள். கணவர் மார்ட்டின் பிராமிலி விமானி. விமானத்தில் துணை விமானியும் வாய் திறக்கப் பயிற்சி தருவதைப்போல மருத்துவத்திலும் வேண்டும் என்று 2007-ல் ஒரு அமைப்பே தொடங்கினார்.

கருவி தயார் என்பது செய்தி. 'இப்போதே துளையிடுங்கள்' என்பது கோரிக்கை. இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் தூரத்தைத்தான் வியாழக்கிழமை நடந்து பார்க்கப்போகிறோம்.

கதைக்கு இரண்டு நிமிடம், நான்கு படிக்கு மூன்று, மீதி முழுக்க ஒத்திகை. ஸ்லைடு மூன்றே மூன்று. நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போடச் சொல்லியிருக்கிறேன். போனில் முகம் தெரியாதல்லவா, தலையாட்டல் எடுபடாது. உடல்மொழி பற்றி ஒரு ஸ்லைடாவது வை என்று மேட்ரன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நழுவிக்கொண்டிருக்கிறேன்.

மறுமுனையில் பேச எங்கள் இளம் டாக்டர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: முதல் ஆளிடம் தன்மையாகப் பேசுவாராம், இரண்டாவது ஆளிடம் எரிந்துவிழுவாராம். நிஜமாக இருக்க வேண்டுமே என்கிறார். நாகர்கோவில் பெண் இரண்டாவதாக வரும்படி வரிசையை மாற்றிவைத்திருக்கிறேன். அவளிடம் இதுவரை சொல்லவில்லை.