சென்னை மண்டபமும் காமன் பொட்டலும்

பண்டாரவளைப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில், பழைய ஆங்கிலப் பாணியில் அமைந்த விடுதியொன்று இருக்கிறது. 1893ஆம் ஆண்டில் தோட்டத் துரைமார் கூடிப் பொழுதுபோக்குவதற்கென்று எழுந்த மன்றம் அது. மறு ஆண்டிலே புகையிரதம் பண்டாரவளையை எட்டியது. பதுளைக்கு வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. காலப்போக்கில் துரைமார் போயினர். மன்றம் பிரயாணிகள் தங்கும் விடுதியாயிற்று. சிறு பிராயத்தில் அதனருகே நடந்து செல்லும்போது, "உள்ளுக்கு என்னதான் செஞ்சாங்க, தாத்தா?" என்று கேட்டோம். "ஆட்டமும் பாட்டும்தான். நமக்கெதுக்கு அது? நம்ம ஆட்டம் மாசியில வருது" என்றார் அவர், வெற்றிலையை மென்றபடி.

பல ஆண்டுகளின் பின் சென்னைக்குச் சென்றிருந்தபோது, அந்தச் சொல் மீண்டும் நினைவுக்கு வந்தது. சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியேறி, முன்னாளிற் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை என்றும் இந்நாளிற் பெரியார் சாலை என்றும் வழங்கும் பெருவீதியில் மேற்கே நடந்தோம். ரிப்பன் மாளிகையை அடையுமுன்னரே, வலப்புறத்தில் செங்கற் கட்டடமொன்று கண்ணை ஈர்த்தது. அதுவே விக்டோரியா பொது மண்டபம். சென்னைவாசிகள் வி. பி. ஹால் என்று சுருக்கிச் சொல்லுவர்.

சென்னைப் பட்டினத்துக்கு ஒரு நகர மண்டபம் வேண்டுமென்று பெரியோர் சிலர் விரும்பினர். தெலுங்கு நாட்டு விஜயநகரம் சமஸ்தானத்து மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு, 1883 டிசம்பர் 17ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். வரைபடம் ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலச் சிற்பியினுடையது. கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா மகாராணியாரின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி அவர் பெயரே மண்டபத்துக்குச் சூட்டப்பட்டது. கீழும் மேலுமாக இரண்டு பெருங் கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அறுநூறு பேர் அமரலாம். கிழக்குப் பக்கத்தில் மரத்தாலான மாடத்தில் மேலும் இருநூறு பேருக்கு இடமுண்டு. தாழ்வாரத் தூண்கள் கிரேக்கப் பாணி. கோபுரத்தின் கூரையோ திருவாங்கூர்ப் பாணி. இரண்டும் ஒன்றோடொன்று பிணங்கும் என்றே எண்ணிச் சென்றோம். பிணங்கவில்லை.

இம்மண்டபம் தன் ஆயுளில் பூண்ட வேடங்கள் பல. 1896 டிசம்பரில் ஸ்டீவன்சன் என்ற புகைப்படக் கடைக்காரர் இங்கே அசையும் படங்களைக் காட்டினார். பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர் முதன்முதலாகக் கட்டணம் வாங்கிப் படங்காட்டி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கிய விவேகானந்த சுவாமிகள், மறு மாதம் இந்த மண்டபத்திலேதான் தமது செயல்திட்டத்தை விளக்கிச் சொற்பொழிவாற்றினார்.

ஆயினும் மண்டபத்தின் உயிர் நாடகமே. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை நெடுங்காலம் இங்கு நாடகம் ஆடியது. கூத்தாடுவது இழிதொழில் என்று கருதிய அக்காலத்தில், வக்கீல்களும் உத்தியோகத்தர்களும் முகத்திலே அரிதாரம் பூசி மேடையேறினர். பெண் வேடமும் அவர்களே தரித்தனர். அச்சபையார் 1911இல் இலங்கைக்கும் வந்து ஆடிச் சென்றனர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நாடக சபைகள் தோன்ற அவ்வருகை ஊக்கமளித்தது.

பின்னாளில் பராமரிப்புக் குன்றி, மண்டபம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. நாம் போன அன்றும் வாயிற் கதவு திறக்கவில்லை. கம்பிகளினூடே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மாநகராட்சி 2023இல் பெருஞ் செலவிற் செப்பனிடத் தொடங்கியது என்ற செய்தியைப் பிறகு படித்து மகிழ்ந்தோம்.

இத்தகைய கூடங்கள் கைமாறுவது உலகெங்கும் உள்ள வழக்கமே. கிழக்கு லண்டனில் வில்டன் என்பார் 1859இல் திறந்த இசைக்கூடம் 1888இல் மெதடிஸ்த ஊழியக் கூடமாயிற்று. 1956க்குப் பின் கந்தல் துணிப் பண்டசாலையாயிற்று. 1997இல் மீண்டும் நாடகம் கண்டது. 1889இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, அங்கே நாளொன்றுக்கு ஆயிரம் வேளைச் சாப்பாடு வழங்கப்பட்டதாம். அத்துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளுள் இலங்கைத் தேயிலையும் ஒன்று. கொழுந்து பறித்தவளும் பெட்டி இறக்கியவனும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

சென்னையில் அந்தக் கோபுரம் உயர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து எம்மவர் கடல் கடந்து ஊவா மலைகளில் ஏறிக்கொண்டிருந்தனர். அம்மண்டபத்தின் வாயிலை அவர்களுள் எத்தனை பேர் கண்டிருப்பர்? இங்கும் அவர்களுக்கு லயத்துக் காம்பராக்கள் கட்டப்பட்டனவேயன்றி மண்டபம் கட்டப்படவில்லை. எனினும் அவர்கள் வெறுங்கையராய் வரவில்லை. காமன் கூத்தை நெஞ்சிலே சுமந்து வந்தனர்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும், எமது தோட்டத்திற் கோயிலடிப் பொட்டலில் காமன் கம்பம் நடுவர். அன்றிலிருந்து அந்தப் பொட்டலே அரங்கம். கொழுந்து மடுவத்திலிருந்து கூடை இறக்கி வந்த களைப்போடு, இரவிலே தப்புச் சத்தம் கேட்டதும் சனங்கள் கூடுவர். ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடக்கும். தவங்கலைந்த சிவன் நெற்றிக்கண் திறக்க, மதன் எரிவான். அதன் பின் ரதி புலம்புகிறாளே, அந்தப் புலம்பலுக்கு முன் எந்த மண்டபமும் நிற்காது. குளிரிலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு எமது தாத்தா வருடந்தோறும் அழுவார். கதை தெரியாதவரல்லர், சிறு வயதில் அவரே ரதி வேடங் கட்டியவர்.

இப்போது ரதியாக ஆடும் இளைஞன் கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்கிறான். சென்ற மாசியில் முதலாளி நான்கு நாள்தான் லீவு கொடுத்தாராம். ஆகவே கல்யாணத்துக்கு வேறொரு பையன் ரதியாக நின்றான். புலம்பலுக்கு இவன் இரவு ரயிலேறி வந்து சேர்ந்தான். பாட்டு முழுவதும் தெரிந்த வாத்தியார் ஒருவரே எஞ்சியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல ஒரு மாணவி அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். நாம் பார்த்த வேளையில் ஏறக்குறையப் பாதிக் கொப்பி நிறைந்திருந்தது.

பங்குனியில் மறுபடி போனபோது, பொட்டலிற் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கம்பம் நட்டிருந்த குழியைக் கல்லிட்டு மூடி, அதையே விக்கெட் நடுமிடமாக வைத்திருந்தார்கள்.