தெருவோர அறிமுகம்

பெற்றோர் பேசார், ஆசிரியர் சொல்லார், ஏடுகள் எழுதக் கூசும். அப்படிப்பட்ட மேகநோயைக் கதைப்பொருளாக்கித் திரையிலே ஏற்றினர் ஜெர்மானியர், 1948-ல்! 'ஸ்ட்ராசன்பெகான்ட்ஷாஃப்ட்', அதாவது தெருவோர அறிமுகம், என்பது படத்தின் பெயர். டெஃபா நிறுவனத்தின் படைப்பு. இயக்கியவர் பீட்டர் பேவாஸ். நாஜி ஆட்சியின் தடைக்கு ஆளான படமொன்றை முன்னரே எடுத்தவர்.

படத்தை நாம் கண்டோம். இடிந்து கிடக்கும் பெர்லின். எரிக்கா என்னும் இளநங்கைக்குச் சலவையகத்திலே வேலை. பகலெல்லாம் ஆவியும் அழுக்குமூட்டையும்! அவளை நேசிக்கும் நல்லவன் ஒருவன் உண்டு. அவனிடம் நேசத்தைத் தவிர வேறொன்றும் அதிகமில்லை. வேறொரு வீட்டிலோ விருந்து, மது, இசை, நடனம். போகிறாள். அவளைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. பருவத்தின் பாதியைப் போர் தின்றது. மீதியையாவது வாழ்ந்து பார்க்க எண்ணினாள். நோய் ஒட்டிக்கொண்டது.

பாவத்தின் சம்பளம் என்று பாதிரியார் வந்து பகர்வாரோ என எதிர்பார்த்தோம். வரவில்லை, மருத்துவம் வந்தது! இது சிறு மாறுதலன்று, தோழர்களே. 1495-ல் பேரரசர் மாக்சிமிலியன், இந்நோய் தெய்வநிந்தனைக்குக் கிடைத்த தண்டனை என்று ஆணையே பிறப்பித்தார். நிந்தித்தவனுக்கும் வந்தது, வந்தித்தவனுக்கும் வந்தது. ஆணை மட்டும் அசையவில்லை! பிறகு, 1905-ல், இதே பெர்லினில் ஷாவ்டின், ஹாஃப்மன் இருவரும் நுண்ணோக்கியிலே கண்டனர், திருகுபோல் சுருண்ட கிருமியை. 1910-ல் எர்லிக்கின் சால்வர்சான் மருந்து கடைக்கு வந்தது. பின்னர் பெனிசிலின் வந்தது. ஆனால் போர் முடிந்த பெர்லினில் அது கள்ளச்சந்தைச் சரக்கு! கிருமியைக் கண்ட நகரிலேயே மருந்துக்குப் பஞ்சம்.

ஒன்று மட்டும் நம்மை உறுத்துகிறது. இருவர் கூடிப் பெறும் நோய்க்கு ஏன் ஒருத்தியின் முகத்தையே நெடுநேரம் காட்டவேண்டும்? 1927-ஆம் ஆண்டுச் சட்டம், நோயுற்றவர் ஆணாயினும் பெண்ணாயினும் சிகிச்சை பெறவேண்டும் என்று விதித்திருந்தது. அந்தச் சட்டம் பிறந்த நாட்டிலேதான், போருக்குப் பின், காவலர் திடீரெனச் சுற்றிவளைத்துப் பெண்களைப் பிடித்துக் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோயினர். உடனிருந்த ஆடவரோ பெரும்பாலும் வீடு திரும்பினர்.