மாயாற்றில் ஒரு ராட்சத மீன்: பெயர் கிடைக்கவே 2018 வரை ஆனது!

ஊட்டியிலிருந்து மைசூரு போகும் பஸ் தெப்பக்காடு பாலத்தைக் கடக்கும்போது எல்லோர் கண்ணும் யானை முகாமைத்தான் தேடும். கீழே பாறைகளுக்கு நடுவே ஓடும் மாயாற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மீனுக்கு மிச்சமிருக்கும் சில புகலிடங்களில் இந்த ஆறும் ஒன்று.

அதுதான் திமில் மஹசீர். காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டுமே வாழும் கெண்டை இனம். ஆரஞ்சு நிறத் துடுப்புகள், தலைக்குப் பின்னால் மேடு தட்டிய முதுகு. 1946-ல் மைசூரு பக்கம் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 120 பவுண்டு இருந்தது. சுமார் 54 கிலோ, ஒரு ஆளின் எடை!

இவ்வளவு பிரபலமான மீனுக்கு அறிவியல் பெயர் எது என்பதே தெளிவாக இல்லை. பெயர் உறுதியாகாத உயிரை அழிந்துவரும் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பேராசிரியர் மணிமேகலன் உள்ளிட்ட ஆய்வுக் குழு மாயாற்றில் மாதிரிகள் எடுத்து, உடலமைப்பையும் டி.என்.ஏ-வையும் ஒப்பிட்டது. கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே பெயரிடப்பட்ட 'டோர் ரேமாதேவி'தான் இது என்று 2018-ல் தெரியவந்தது. பாம்பாறும் அமராவதி வழியாகக் காவிரிக்கு வருவதுதானே! சென்னையில் மீன்களை ஆராய்ந்த விலங்கியலாளர் ரேமா தேவியைக் கௌரவிக்கும் வகையில் வைத்த பெயர் அது. அதன்பிறகே ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிவிட்ட இனம்' என்று இடம் கிடைத்தது.

அணை, மணல் கொள்ளை, வெடி வைத்து மீன் பிடிப்பது எல்லாம் தெரிந்த காரணங்கள்தான். தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. மஹசீரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில், லோனாவாலா பண்ணையில் வளர்த்த வேறொரு மஹசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். கர்நாடகத்தின் கலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்கைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளிச்சமானது. மொத்த மீன்கள் கூடியிருந்தன; திமில் மஹசீர் மட்டும் குறைந்துகொண்டே போயிருந்தது. அந்தக் கணக்கு இல்லையென்றால், 'ஆற்றில் மீன் பெருகிவிட்டது' என்றே எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

இந்த வேலைக்கு வர விலங்கியல் படிக்கலாம், மீன்வளப் படிப்பும் படிக்கலாம். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் ஏ.சி. அறை வேலை என்று நினைத்து வரக்கூடாது. முதலில் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். கரையில் யானை, தண்ணீரில் முதலை. பிடித்த மீனை அளந்து, துடுப்பில் நகக்கண் அளவு நறுக்கி ஆல்கஹாலில் போட்டுக்கொண்டு, மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும்.

சுற்றுலா வருபவர்கள் ஆற்றில் இறங்க முடியாது, புலிகள் காப்பகம். அடுத்த முறை பாலம் வரும்போது பஸ் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் கீழேயும் பாருங்கள்.